பதக்கத்துக்குப் பிறகு நாற்பது வருடங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப் போரில் நடந்த ஹில் 70 போர் பற்றிய உங்கள் கட்டுரையில், கனடியப் படையில் இருந்த மிக்கி ஓ'ரூர்க் என்ற ஐரிஷ்காரரைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தீர்கள். குண்டுமழைக்கு நடுவே மூன்று நாள் அடிபட்டவர்களைத் தூக்கிவந்து, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். மாவீரன் என்று எழுதியிருந்தீர்கள். மனம் நெகிழ்ந்து மேலும் தேடிப் படித்தேன். அதே மனிதர் 1935இல் வான்கூவர் துறைமுகத் தொழிலாளர் ஊர்வலத்தின் முன்னால், அந்தப் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு போலீஸுக்கு எதிரே போயிருக்கிறார். கலவரமாக முடிந்திருக்கிறது. இதை நீங்கள் சொல்லவே இல்லையே?

என் அப்பா ராணுவத்தில் காலாட்படை ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். 71 போருக்குப் போனவர். அவரிடம் இதைச் சொன்னேன். "நாடு கொடுத்த பதக்கத்தோட தெருச்சண்டைக்குப் போனவன், அந்தப் பதக்கத்தை அன்னைக்கே இழந்துட்டான்" என்றார். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் தோன்றுகிறது. இன்னொன்று. அயர்லாந்தே பிரிட்டனை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த காலத்தில் இவர் ஏன் பிரிட்டிஷ் அரசருக்காகப் போரிட்டார்? மாவீரன் என்ற சொல்லை நீங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கே.

*

அன்புள்ள கே.,

அந்தக் கட்டுரை 1917 ஆகஸ்டின் அந்தப் பத்து நாட்களைப் பற்றியது, அதனால் ஓ'ரூர்க்கை அங்கேயே விட்டேன். ஆனால் அவருடைய வாழ்க்கையைச் சொல்வதென்றால் 1935ஐ விட்டுவிட முடியாது என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அதிலிருந்து நீங்களும் அப்பாவும் வந்து சேரும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை ஹில் 70இல் ஓடியவரும் 1935இல் வான்கூவரின் பாலன்டைன் துறையை நோக்கி நடந்தவரும் ஒரே குணமுள்ள ஒரே மனிதர். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவர் செய்த வேலை. ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் அது எப்படிப்பட்ட வேலை என்று தெரியாமல் அந்தப் பதக்கம் புரியாது. ஒவ்வொரு காலாட்படை பட்டாலியனிலும் இதற்கென்று ஒரு சிறு கூட்டம் இருந்தது. கையில் 'எஸ்.பி.' (ஸ்ட்ரெச்சர் பேரர்) என்று எழுதிய பட்டை கட்டியிருப்பார்கள், துப்பாக்கி கிடையாது. தாக்குதல் நடக்கும்போது மற்றவர்கள் பள்ளம் கண்ட இடத்தில் பதுங்கலாம். இவர்கள் எழுந்து நடந்தே ஆகவேண்டும், அதுவும் இரண்டு கையும் ஸ்ட்ரெச்சர் கம்பைப் பிடித்திருக்க, நிமிர்ந்த முதுகோடு. அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டு, பட்டாலியன் மருத்துவர் இருக்கும் முதலுதவி நிலையம்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, உடனே திரும்பி முன்னால் போக வேண்டும். சேறாக இருந்தால் ஒருவனைத் தூக்க நான்கு பேர், ஆறு பேர்கூடத் தேவைப்பட்டார்கள். சுடுபவனுக்கு எதிரி மீது கோபமாவது இருக்கும், அது அவனை ஓட வைக்கும். துப்பாக்கியே இல்லாமல் அதே குண்டுகளுக்குள் திரும்பத் திரும்பப் போகிறவனை எது போக வைக்கிறது என்பது நான் நெடுநாளாக யோசிக்கும் விஷயம்.

ஹில் 70 என்பது வடபிரான்ஸில் லான்ஸ் என்ற சுரங்க நகரத்துக்கு வடக்கே இருக்கும் ஒரு சுண்ணாம்பு மேடு. கடல் மட்டத்திலிருந்து 70 மீட்டர், அவ்வளவுதான். நகரத்தை நேராகத் தாக்கச் சொல்லித்தான் மேலிடத்து உத்தரவு. கனடியப் படைக்குப் புதிதாகத் தலைமையேற்றிருந்த ஆர்தர் கர்ரி, மேட்டை விட்டுவிட்டு நகரத்தைப் பிடித்தால் மேட்டிலிருப்பவன் நம்மைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே இருப்பான், முதலில் மேட்டைப் பிடிப்போம், மீட்க வருகிறவனை அங்கே வைத்து அடிப்போம் என்று வாதாடி ஒப்புதல் வாங்கினார். 1917 ஆகஸ்ட் 15 விடிவதற்கு முன் தாக்குதல் தொடங்கியது. மேடு சீக்கிரமே கைக்கு வந்தது. அப்புறம்தான் நரகம். ஜெர்மானியர்கள் 21 முறை எதிர்த்தாக்குதல் நடத்தினார்கள். தோலைப் பொசுக்கும் மஸ்டர்ட் வாயு, நெருப்பை உமிழும் கருவிகள், எல்லாம் வந்தன. கனடியத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டார்கள், காயப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

ஓ'ரூர்க் இருந்தது 7ஆவது பட்டாலியன், கனடாவின் மேற்குக்கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர்கள். அயர்லாந்தின் லிமரிக்கில் பிறந்தவர், அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பையன்களில் பாதிப்பேருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஏற்கெனவே 1916இல் சோம் போர்முனையில், மூக்கே பண்ணை சண்டைக்காக மிலிட்டரி மெடல் வாங்கியிருந்தார்.

பதக்கம் அறிவித்த அரசிதழ்க் குறிப்பில் ஒரு காட்சி இருக்கிறது, அதைத்தான் என்னால் மறக்க முடியாது. கண் பறிபோன ஒரு சிப்பாய், பதுங்குகுழிக்கு முன்னால் திறந்தவெளியில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருக்கிறான். எதிரித் துப்பாக்கிகள் அவனைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. ஓ'ரூர்க் வெளியே குதித்துப் போய் அவனைக் கூட்டிவருகிறார். போகும்போதும் வரும்போதும் அவர் மீதும் குண்டுகள். இன்னொரு முறை தங்கள் பீரங்கிகள் போடும் குண்டுத்திரைக்கும் முன்னால் ஐம்பது கஜம் போய் ஒருவனை எடுத்துவருகிறார். முன்னணிக் காவலிடங்களை விட்டுவிட்டு எல்லாரும் பின்வாங்கியபோது ஒரு காயம்பட்டவன் அங்கேயே கிடந்துவிட்டான் என்று அவனுக்காக மறுபடி போகிறார். பல தடவை குண்டு வெடித்துக் கீழே விழுந்து மண்ணில் பாதி புதைந்திருக்கிறார். எழுந்து மறுபடி போயிருக்கிறார். இப்படி மூன்று பகல், மூன்று இரவு. அதற்கு நடுவே அடிபட்டுக் கிடந்தவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. அந்தச் சாப்பாட்டையும் தண்ணீரையும் பலர் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில்தான் மனிதர் தெரிகிறார்.

ஐரிஷ்காரர் ஏன் பிரிட்டிஷ் அரசருக்காக என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மட்டும் கேட்பதில்லை, அயர்லாந்திலேயே இந்தக் கேள்வி பல தலைமுறைகளைப் பிரித்துவைத்தது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முதல் உலகப் போரில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் பிரிட்டிஷ் படைகளில் இருந்தார்கள். சிலர் சுயாட்சி கிடைக்கும் என்று நம்பிப் போனார்கள், சிலர் பிரிட்டன்மீது உண்மையான பற்றால் போனார்கள், ஏராளமானவர்கள் சம்பளத்துக்காகப் போனார்கள். பிரிட்டனுக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சிக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட ஜேம்ஸ் கானலியே இளம்வயதில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர்தான். ஓ'ரூர்க் ஊரை விட்டு வந்த கூலித் தொழிலாளி. 1913, 14இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பொருளாதாரம் படுத்துக் கிடந்தது. கனடியச் சிப்பாய்க்கு நாளைக்கு ஒரு டாலரும் பத்து சென்ட்டும். அன்றைய கனடிய முதல் படைப்பிரிவில் பெரும்பகுதி அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர்கள். அவருடைய மனதில் என்ன இருந்தது என்று நான் கதை கட்ட மாட்டேன். ஆனால் அரசருக்காகப் போனவர் என்று சுருக்குவது சரியில்லை. முனைக்குப் போனபின் அவர் யாருக்காக ஓடினார் என்பது அரசிதழ்க் குறிப்பிலேயே இருக்கிறது.

குடியேறிகள் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓ'ரூர்க்குக்குக் கனடாவின் கதவு திறந்திருந்தது. அதே வான்கூவர் துறைமுகத்தில் 1914 மே 23 அன்று கோமகட்டா மாரு கப்பல் 376 பயணிகளோடு வந்து நின்றது. பெரும்பாலும் பஞ்சாபிகள், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பணியாற்றியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களும் அதே அரசரின் குடிமக்கள்தான். வெளியில் வராமல் கப்பலிலேயே இரண்டு மாதம் நிறுத்திவைத்து, மிகச் சிலரைத் தவிர மற்ற எல்லாரையும் ஜூலை 23 அன்று போர்க்கப்பல் துணையோடு திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் போர் தொடங்கியது. இந்தியச் சிப்பாய்கள் அந்த இலையுதிர்காலத்திலேயே பிரான்ஸின் பதுங்குகுழிகளுக்கு வந்துவிட்டார்கள். ஓ'ரூர்க்கின் மதிப்பை இது குறைக்காது, ஆனால் அந்தக் கரையில் நின்று இந்தக் கதையைச் சொல்லும் இந்தியன் இதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது என்று நினைக்கிறேன்.

இனி 1935.

போர் முடிந்து வந்தவரிடம் பதக்கம் இருந்தது, நல்ல உடம்பு இல்லை, நிலையான வேலையும் இல்லை. சொற்ப ஓய்வூதியம். கிடைத்த கூலி வேலை, அப்புறம் துறைமுகத்து வேலை. துறைமுக வேலை அன்று எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் அந்த ஊர்வலம் புரியும். கப்பல் வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. யாரைக் கூப்பிடுவது என்பதை முடிவு செய்பவன் கையில் தொழிலாளியின் அடுப்பு. 1923இல் ஒரு வேலைநிறுத்தத்தை முறித்துப்போட்டபின், கப்பல் முதலாளிகளின் கூட்டமைப்பு தனக்கு அடங்கிய ஒரு சங்கத்தை உருவாக்கி வைத்திருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தொழிலாளர்கள் அந்தச் சங்கத்தையே உள்ளிருந்து தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆள் கூப்பிடும் அதிகாரம் எங்களிடம் வேண்டும் என்று கேட்டார்கள். பவல் ரிவர் என்ற ஊரில் வெளியாட்களை வைத்து ஏற்றிய சரக்கைத் தொட மாட்டோம் என்றார்கள். 1935 ஜூன் தொடக்கத்தில் முதலாளிகள் ஒப்பந்தத்தை ரத்து செய்து கதவடைத்தார்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். பொருளாதாரப் பெருமந்தம் இன்னும் விடாத காலம். வேலையில்லாத இளைஞர்களை அரசு காட்டுக்குள் நிவாரண முகாம்களில் வைத்து நாளைக்கு 20 சென்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் அந்த ஜூன் 3ஆம் தேதிதான் சரக்கு ரயில்களின் கூரையில் ஏறித் தலைநகர் ஒட்டாவாவை நோக்கிக் கிளம்பியிருந்தார்கள். வான்கூவர் மேயர் ஜெரி மெக்கீர் இதற்குச் சில வாரம் முன்புதான் விக்டரி சதுக்கத்தில், அதுவும் போர் நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில், கலவரச் சட்டத்தை வாசித்துக் கூட்டத்தைக் கலைக்கச் சொன்னவர். வணிகர்கள் சேர்ந்து ஒரு குடிமக்கள் கழகம் அமைத்து, தொழிலாளர்கள் எல்லாம் கம்யூனிஸ்ட் சதிக்காரர்கள் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். கம்யூனிஸ்டுகள் அந்தச் சங்கத்தில் இருந்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. வேலையும் சோறும் கேட்பதற்கு ஒருவன் கம்யூனிஸ்டாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 18 அன்று ஆயிரம் பேர் அளவில் பாலன்டைன் துறையை நோக்கி நடந்தார்கள். அங்கே தங்கள் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளியாட்களிடம் பேச வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். முன்வரிசையில் போருக்குப் போய்வந்தவர்கள், பதக்கங்களோடு. எல்லாருக்கும் முன்னால் ஐம்பத்தேழு வயது ஓ'ரூர்க், விக்டோரியா கிராஸ் அணிந்து, கையில் பிரிட்டனின் யூனியன் ஜாக் கொடியோடு. எதிரே நின்ற போலீஸ் தலைவர் கர்னல் வில்லியம் ஃபாஸ்டர் யார் தெரியுமா? அதே போரில் வீரப்பதக்கம் வாங்கிய அதிகாரி. கனடாவின் உயரமான சிகரமான லோகன் மலையில் 1925இல் முதன்முதலாக ஏறிய குழுவில் இருந்தவர். கோழையோ கூலிப்படைத் தலைவனோ இல்லை. அவருக்கு அந்தக் கொடி என்னவென்றும் தெரியும், அந்த வெண்கலச் சிலுவை என்னவென்றும் தெரியும். திரும்பிப் போங்கள் என்றார். திரும்பவில்லை. கண்ணீர்ப்புகை வெடித்தது, ரயில் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த போலீஸ்காரர்கள் தடியோடு வந்தார்கள், குதிரைகள் வந்தன. தொழிலாளர்களும் கல்லெறிந்தார்கள். பக்கத்துத் தெருக்களில் மூன்று மணி நேரம் விரட்டி விரட்டி அடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் கால்களில் பின்னாலிருந்து சுட்டார்கள். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட பெண்கள் ஏற்பாடு செய்திருந்த இடத்திலும் கண்ணீர்ப்புகை விழுந்தது.

அப்பா தெருச்சண்டை என்று சொன்னாரே, சண்டைக்குப் போகிறவன் கொடியைத் தூக்கிக்கொண்டு போக மாட்டான். அடிக்காதீர்கள் என்று சொல்வதற்குத்தான் கொடி. பதக்கமும் அதற்குத்தான். தன் உடம்பில் இந்த அரசு மதிக்கும் ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பின்னால் வருகிறவர்களுக்குக் கேடயமாக வைக்கலாம் என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தக் கேடயம் உதவவில்லை. வேலைநிறுத்தம் டிசம்பர்வரை இழுத்துத் தோற்றது. ஆனால் துப்பாக்கி இல்லாமல், வேறு ஆட்களுக்காக, சுடக்கூடியவன் இருக்கும் திசையை நோக்கி நிமிர்ந்து நடப்பது அவருக்குப் புது வேலை இல்லை, கே. பதினெட்டு வருடத்துக்கு முன் அதைச் செய்ததற்குத்தான் அரசர் பதக்கம் கொடுத்தார்.

"பதக்கத்தை இழந்துட்டான்" என்று அப்பா சொன்னதற்கு என்னைவிட நல்ல பதில் சொன்னவர் அன்றைய பிரிட்டிஷ் அரசர் ஐந்தாம் ஜார்ஜ். விக்டோரியா கிராஸ் விதிகளில் தொடக்கத்திலிருந்தே பறிமுதல் செய்ய இடம் இருந்தது. 1861 முதல் 1908 வரை எட்டுப் பேரிடம் பறித்தார்கள். அரசருக்கு அது பிடிக்கவில்லை. 1920இல் அவருடைய செயலாளர் எழுதிய கடிதத்தில் அரசரின் கருத்து பதிவாகியிருக்கிறது: விக்டோரியா கிராஸ் பெற்ற ஒருவன் கொலைக்குற்றத்துக்காகத் தூக்கில் போடப்பட்டாலும், தூக்குமேடையில் அதை அணிந்து நிற்க அவனுக்கு உரிமை உண்டு. அதற்குப்பின் யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. அன்று நீ செய்ததை இன்று நீ செய்யும் எதுவும் அழிக்காது என்று அரசரே சொல்கிறார். ஓ'ரூர்க் கொலையும் செய்யவில்லை, ஊர்வலம்தான் போனார்.

அரசரின் அந்த வார்த்தைக்குக் கனடாவிலேயே சோதனை வந்தது, அதுவும் ஹில் 70இலிருந்தே. அந்தப் போரில் ஆறு பேருக்கு விக்டோரியா கிராஸ். பிரவுன், ஹாப்ஸன், லெர்மத் மூவரும் அந்தப் போரிலேயே மாண்டார்கள். உயிரோடு திரும்பிய மூன்று பேருமே வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்கள். லிமரிக்கில் பிறந்த ஓ'ரூர்க், வட அயர்லாந்தின் கில்கீலில் பிறந்த ராபர்ட் ஹானா, உக்ரேனில் பிறந்த ஃபிலிப் கோனவால். கோனவாலுக்குத் தலையில் பலத்த காயம். 1919இல் ஒரு கைகலப்பில் ஒருவனைக் கொன்றுவிட்டார். மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் விடுவித்து, மனநல மருத்துவமனையில் பல வருடம் வைத்தார்கள். வெளியே வந்தவருக்கு ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்தில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. வெளிநாட்டில் துப்பாக்கியால் துடைத்தேன், இங்கே துடைப்பத்தால் துடைக்கிறேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அவரிடமிருந்தும் பதக்கத்தை யாரும் பறிக்கவில்லை.

ஓ'ரூர்க் 1957 டிசம்பரில் வான்கூவரில் இறந்தார். 1917இலிருந்து கணக்குப் போட்டால் அந்த மூன்று நாளுக்குப்பின் நாற்பது வருடம். ராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் அந்த மூன்று நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் அந்த ஒரு ஊர்வலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் மீதி மனிதர் தேவைப்படவில்லை. எனக்குக் கோபம் வருவது இதில்தான். நாடு ஒருவனுக்குப் பதக்கம் கொடுத்தால் அதன்பின் அவன் சிலைபோல் வாய்மூடி நிற்க வேண்டும், பசித்தால்கூடப் பேசக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம். அவன் வாடகை கொடுக்க வேண்டும், வேலை தேட வேண்டும், பக்கத்தில் இருப்பவனுக்கு அநியாயம் நடந்தால் அதைப் பார்க்கவும் வேண்டும். மாவீரன் என்ற சொல்லை நான் மறுபரிசீலனை செய்யப் போவதில்லை. கட்டுரை புத்தகத்தில் வரும்போது 1935ஐயும் சேர்த்து, அந்தச் சொல்லை அதற்கும் பிறகு வைக்கப்போகிறேன்.

அப்பாவின் கோபத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சீருடை போட்டவருக்கு அந்த ஒழுங்கு எவ்வளவு பெரியது என்று தெரியும், அதில்லாமல் ஒரு படை நிற்காது. அவரிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். நம் காலாட்படை பட்டாலியன்களில் சமாதான காலத்தில் பேண்டு வாசிப்பவர்கள்தான் போர் வந்தால் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறார்கள். 71இல் அவருடைய பட்டாலியனில் அந்த வேலை செய்தவர்கள் யார், அவர்கள் எப்படி வேலை செய்தார்கள், ஊருக்குத் திரும்பியபின் என்ன ஆனார்கள் என்று அவருக்கு நினைவிருப்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புங்கள். நம் மொழியில் அவர்களைப் பற்றி நான் படித்தது மிகவும் குறைவு. எவ்வளவு நீளமாக இருந்தாலும் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்